வாசகர் கேள்வி-பதில்: முன்னாள் படைவீரர்களும் இனிப்பு நீரும்

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகளிலிருந்து இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, பற்றி வந்த கடிதங்களை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். மாத்திரை வாங்கத் தவறாதவர்கள்கூட கண், கால், சிறுநீர்ப் பரிசோதனை என்றால் தள்ளிப்போடுகிறார்கள் என்பது இந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அதனால்தான் முதல் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது.

கேள்வி: என் கணவருக்கு 71 வயது. 22 ஆண்டுகள் இராணுவத்தில் இருந்தவர். இனிப்பு நீர் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை. காலையில் விரலில் குத்திப் பார்த்தால் 6-க்குள்தான் காட்டுகிறது. ஆனால் மூன்று ஆண்டுகளாகக் கண் பரிசோதனைக்குப் போகவில்லை. "தூரத்தில் வரும் பஸ் நம்பர் தெரிகிறதே, பிறகென்ன" என்கிறார். வற்புறுத்த வேண்டுமா?
– வாசகி, செத்தாப்பாக்

பதில்: கட்டாயம் வற்புறுத்துங்கள், அம்மா. பஸ் நம்பர் தெரிவதற்கும் விழித்திரை நன்றாக இருப்பதற்கும் தொடர்பில்லை. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கினாலும், பார்வையின் நடுப்பகுதியைத் தொடும்வரை அவருக்கு எதுவும் தெரியாது. வலி இருக்காது, சிவப்பு இருக்காது. ஒரு நாள் கண்முன் கறுப்பு நூல்கள் மிதக்கும், அல்லது திரை விழுந்ததுபோல் இருக்கும். அப்போது ஓடினால், ஆரம்பத்திலேயே லேசர் வைத்தோ கண்ணுக்குள் ஊசி போட்டோ காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வையில் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

பல அரசாங்க கிளினிக்குகளில் ஃபண்டஸ் கேமரா இருக்கிறது. விழித்திரையைப் படம் எடுப்பது சில நிமிட வேலை. பாவை விரிவதற்குச் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். அவர் மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்புகிறவர் என்றால் அன்றைக்கு வேண்டாம். நீங்களோ பிள்ளைகளோ கூடப் போங்கள், கறுப்புக் கண்ணாடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொட்டு மருந்துக்குப் பயந்தே வராமல் இருப்பவர்கள் நிறைய. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பயம் பாதி தீரும். படம் சுத்தமாக இருந்தால் அடுத்தது ஓர் ஆண்டில். சிறிது பாதிப்பு தெரிந்தால் எத்தனை மாதத்தில் வர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

காலையில் 6-க்குள் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) இருப்பது நல்ல செய்திதான். ஆனால் அது ஒரு வேளையின் கணக்கு. சாப்பிட்ட பிறகு 13, 14 என்று ஏறி, விடியும்போது இறங்கி நிற்பவர்கள் பலர். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். அதில் 7 விழுக்காடு என்றால் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 8.6, 9 விழுக்காடு என்றால் 11.8. இதை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். அவருக்கு ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றக்கூடும். அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அதிகம் விட்டுப்போவது சிறுநீர்ப் பரிசோதனை. குச்சியை நனைத்து நிறம் பார்ப்பதோடு முடிவதில்லை. அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுக்கும் உள்ள விகிதத்தை (mg/mmol கணக்கில்) கேளுங்கள். 3-க்குக் கீழே இருந்தால் சரி. 3-இலிருந்து 30 வரை போனால் சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடத் தொடங்கிவிட்டது, 30-க்கு மேல் என்றால் கசிவு அதிகம். காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முதல்நாள் கடும் உடற்பயிற்சி இவற்றாலும் எண் ஏறும். அதனால் ஒருமுறை ஏறியதை வைத்து முடிவு செய்யாமல், சில மாதங்களுக்குள் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். இந்தக் கசிவை மட்டுப்படுத்த மருந்துகள் இருக்கின்றன, ஆனால் யாராவது அளந்து பார்த்தால்தான் கிடைக்கும். கூடவே ரத்தத்தில் கிரியாட்டினின் எடுத்து, சிறுநீரகம் எத்தனை வேகத்தில் வடிகட்டுகிறது என்பதைக் கணக்கிடுவார்கள். அது (நிமிடத்துக்கு மில்லிலிட்டர் கணக்கில்) 45-க்குக் கீழே போனால் மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரையின் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஒன்று. பல ஆண்டுகள் பாரம் சுமந்து நடந்த முழங்கால்கள் வலிக்காமல் இருக்காது. அந்த வலிக்காக வோல்ட்டரென் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்குச் சிறுநீரகம் இன்னும் சீக்கிரம் கெடுகிறது. அவர் அப்படி எடுக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது கொழுப்பு, கால், பல், ஈறு பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் ஒவ்வொரு முறையும். 65-க்கு மேல் என்றால் உட்கார்ந்தும் எழுந்து நின்றும் எடுக்கச் சொல்லுங்கள். எழுந்து நிற்கும்போது அழுத்தம் சரிகிறவர்தான் குளியலறையில் விழுகிறார். இன்ஃப்ளுவென்சா தடுப்பூசி ஆண்டுதோறும். நிமோனியாவைத் தடுக்கும் நுமோகோக்கஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாபக மறதி கூடியிருக்கிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவையே. மறதி வந்தவர் ஒரே மாத்திரையை இரண்டு முறை போடுவார்.

கிளினிக்கில் கொடுக்கும் நீரிழிவுப் பதிவேட்டை, பலரும் பச்சைப் புத்தகம் என்பார்களே, அதைத் திறந்து பாருங்கள். கண், கால், சிறுநீர் என்ற கட்டங்களில் கடைசித் தேதி எது? காலியாக இருக்கும் கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அடுத்த அப்பாய்ண்ட்மெண்டில் டாக்டர் முன் அந்தப் பக்கத்தையே விரித்து வையுங்கள். "எல்லாம் நல்லாதான் இருக்கு டாக்டர்" என்று அவர் எழுந்துவிடும் முன் இதைச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: வயது 68. முன்னாள் காலாட்படை வீரன். கால் பஞ்சில் நடப்பதுபோல் இருக்கிறது, வலி எதுவும் இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வெறுங்காலில் பால்குடம் எடுப்பதாக நேர்த்திக்கடன். போகலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: வெறுங்காலில் வேண்டாம், ஐயா. வலி இல்லை என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம், எங்களுக்கு அதுதான் கவலை. உணர்ச்சி போன காலுக்குத் தார்ச்சாலையின் சூடு எட்டாது, தேங்காய்ச் சிரட்டைத் துண்டு குத்துவதும் தெரியாது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது கொப்புளத்தைப் பார்ப்பீர்கள், சிலர் சாக்ஸில் ரத்தம் கண்டுதான் அறிகிறார்கள். அது சீழ் வைத்து எலும்பைத் தொட்டால் விரலோ காலோ போகும். காட்டில் பூட்ஸுக்குள் ஈரக் காலோடு நாட்கணக்கில் நடந்தவர் நீங்கள். அப்போது கால் தாங்கியது, ஏனென்றால் வலி உங்களை எச்சரித்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த எச்சரிக்கை இல்லை.

தைப்பூசத்துக்கு முன்பே கால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில், அது வளையும்வரை ஒன்றிரண்டு விநாடி அழுத்துவார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு "தெரிகிறது" என்று சொல்ல வேண்டும். ஊகித்துச் சொல்லிவிடாதீர்கள். தடித்த தோல் உள்ள இடத்தில் வைத்தால் தவறான பதில் வரும், அதை விட்டுப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடி பிடிப்பார்கள். நாடி மெலிந்திருந்தால் ரத்த ஓட்டம் குறைவு, புண் ஆறுவது கடினம். உணர்ச்சி மட்டும் போயிருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை கால் பார்க்க வேண்டும். அதோடு விரல் வளைவோ ரத்த ஓட்டக் குறைவோ சேர்ந்தால் 3 முதல் 6 மாதம். ஏற்கெனவே புண் வந்து ஆறியிருந்தால் மூன்று மாதத்துக்கு மேல் தள்ளவே கூடாது.

நேர்த்திக்கடனை விடச் சொல்லவில்லை. சாலை முழுக்கப் பாதுகாப்பான காலணியோடு வாருங்கள். மலையடிவாரத்தில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். கல்படியும் சூடேறும், தேய்ந்த விளிம்பும் கிழிக்கும். பால்குடத்தைப் பிள்ளை எடுக்க நீங்கள் கூட நடக்கலாம், கீழே அர்ச்சனை செய்யலாம், தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து மோர் ஊற்றலாம். பத்துமலையில் 272 படி ஏற எண்ணும் கோலாலம்பூர் வாசகர்களுக்கும் இதே பதில்தான். விரதம் இருப்பவர்கள், குறிப்பாக இன்சுலின் அல்லது கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், விரதத்துக்குச் சில வாரங்கள் முன்பே டாக்டரிடம் அளவை மாற்றச் சொல்ல வேண்டும். தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவதும், சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போடுவதும் இரண்டுமே ஆபத்து.

தினமும் இரவில் கால்களைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக் காலை அதன் மேல் காட்டுங்கள். விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள், இடுக்கில் மட்டும் கிரீம் பூசாதீர்கள், ஈரம் நின்று சேற்றுப்புண் வரும். வெந்நீரைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். ஆணிக்கும் தடித்த தோலுக்கும் பிளேடு வைக்காதீர்கள். ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். போடும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். சிவப்பு, சூடு, வீக்கம் ஒரே காலில் வந்தால், வலி இல்லை என்றாலும், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 76. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து என்னைக்கூட அடையாளம் தெரியாமல் உளறினார், நெற்றியெல்லாம் வியர்வை. ஸ்ட்ரோக் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சர்க்கரை 2.4 என்றார்கள். அவர் ஆஸ்பத்திரி மருந்தும் பக்கத்துத் தனியார் கிளினிக் மருந்தும் எடுக்கிறார். எண்ணைக் குறைக்கத்தானே மருந்து, ஏன் இப்படி?
– மகன், பட்டர்வொர்த்

பதில்: நல்ல வேளை, உடனே கொண்டு போனீர்கள். பெரும்பாலும் இரண்டு இடத்து மருந்துதான் காரணமாக இருக்கும். டயாமைக்ரோன் என்ற பெயரில் ஒன்று, கிளிக்லசைடு என்ற பெயரில் இன்னொன்று; உள்ளே இருப்பது ஒரே மருந்து. குளுக்கோஃபேஜும் மெட்ஃபோர்மினும் ஒன்று. டாவோனில் என்றால் கிளிபென்கிளமைடு, அது வயதானவர்களுக்குத் தாழ்சர்க்கரையை அடிக்கடி கொண்டுவரும் பழைய மருந்து, அவர் பையில் இருந்தால் அவசியம் கேளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், பாட்டி வைத்தியப் பொடி உட்பட, ஒரே பையில் போட்டு மருந்தகக் கவுண்டருக்கு எடுத்துச் செல்லுங்கள். மருந்தாளரிடம் ஒவ்வொன்றின் உள்பெயரையும் எழுதி வாங்குங்கள். அரசாங்க மருத்துவமனைகளிலும் பெரிய கிளினிக்குகளிலும் மருந்தாளர்களே நடத்தும், மருந்தை ஒழுங்காக எடுக்கக் கற்றுத்தரும் பிரிவு இருக்கும். எம்டாக் என்று கேளுங்கள்.

இரண்டாவது காரணம் சிறுநீரகம். அது மந்தமானால் மருந்து உடம்பிலிருந்து வெளியேறாமல் தங்குகிறது. ஆறு மாதம் முன்பு சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடும். மூன்றாவது, இரவுச் சாப்பாட்டைக் குறைத்ததோ சாப்பிடாமல் இரண்டு கிளாஸ் மது அருந்தியதோ இருக்கலாம். மது அருந்தினால் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவது குறைகிறது, விடியற்காலையில் அது தெரியும். அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குப் படபடப்பு மறைந்துவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும். அப்பா அதை எடுப்பவர் என்றால், உளறலையே முதலில் பார்த்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

4-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து, அல்லது அரை கிளாஸ் இனிப்பு பானம். பிஸ்கட்டோ சாக்லேட்டோ மெதுவாக வேலை செய்யும், முதலில் அதைக் கொடுக்காதீர்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி 15 கிராம். ஏறியபின் ரொட்டியோ சோறோ கொடுங்கள். அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்குச் சீனி சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் மாவுதான் தேவை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, பக்கவாட்டில் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள். கிளிக்லசைடு போன்ற மருந்தால் வந்த தாழ்சர்க்கரை, ஏறிய பிறகும் ஒன்றிரண்டு நாள் திரும்பித் திரும்பி வரும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணைக் குறைக்கத்தானே மருந்து என்றீர்கள். இளைஞருக்கு அது சரி. 76 வயதில், இப்படி ஒருமுறை நடந்துவிட்டவருக்கு எச்பிஏ1சி 7.1 முதல் 8 வரை இருக்கட்டும் என்பதே மலேசிய மருத்துவ வழிகாட்டியின் பேச்சு. 6.2 என்று காட்டினால் பாராட்டுவதற்கு முன் மருந்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கட்டுப்பாடு, ஒழுங்கு என்று வளர்ந்த பட்டாளத்து மனிதர்களுக்கு எண் இறங்க இறங்கப் பெருமை. அதை உடைப்பது சிரமம்தான், ஆனாலும் உட்கார வைத்துச் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: இன்சுலின் போடும் இடத்தில் வயிற்றில் கட்டி கட்டியாக இருக்கிறது. அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், சர்க்கரை இறங்கவில்லை.
– வாசகர், செந்தூல்

பதில்: கட்டி உள்ள இடத்தில்தான் சிக்கல். ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்புத் திரண்டு, இன்சுலின் அங்கேயே தேங்கிவிடுகிறது. குத்த வலிக்காததால் அங்கேயே திரும்பத் திரும்பக் குத்துகிறார்கள். தொப்புளைச் சுற்றி வயிற்றை நான்கு பகுதியாகப் பிரித்து வாரம் ஒரு பகுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. இங்கே எச்சரிக்கை: கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும் நாளில் அதே அளவு இன்சுலின் வேகமாக வேலை செய்து சர்க்கரை சடாரென்று இறங்கும். டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லி அளவைக் குறைத்தபின் மாறுங்கள்.

பால்போல் கலங்கியிருக்கும் இன்சுலினைக் குலுக்காதீர்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறை உருட்டி, 10 முறை மேலும் கீழும் சாய்த்தால் ஒரே நிறமாகும். முதலில் 2 யூனிட் காற்றில் விட்டு ஊசி அடைக்கவில்லை என்று பாருங்கள். போட்டபின் 10 எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். திறக்காதது குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும், ஐஸ் பெட்டியில் வேண்டாம், உறைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். திறந்தது 30 டிகிரிக்கு மேல் போகாத அறையில், பெட்டியில் எழுதியிருக்கும் நாள்வரை, பெரும்பாலும் 4 வாரம். திறந்த தேதியைப் பேனாவில் எழுதி ஒட்டுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் அன்றே கெட்டுவிடும். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்துக் கிளினிக்கில் கொடுங்கள்.

கேள்வி: பினாங்கில் மகன் வீட்டிலும் கோலாலம்பூரில் மகள் வீட்டிலும் மாறி மாறி இருக்கிறேன். மருந்து வாங்க ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது. பென்சன்காரர்களுக்கு வேறு வழி உண்டா?
– வாசகர், பாயான் பாரு

பதில்: ஊர் திரும்ப வேண்டாம், ஐயா. ஸ்புப் என்று சுருக்கமாகச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கிளினிக் மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்தால், அடுத்தடுத்த மாதத்து மருந்தை நீங்கள் தங்கும் ஊரின் அரசாங்க கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ வாங்கலாம். போகும் கிளினிக்கின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டும் மைகாட் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஆனால் ஸ்புப் மருந்துக்குத்தான். கண்ணும் காலும் சிறுநீரும் ஒரே இடத்தில் பார்க்கப்பட்டால்தான் பழைய முடிவோடு ஒப்பிட முடியும். நீங்கள் அதிகம் தங்கும் ஊர் எதுவோ அந்தக் கிளினிக்கில் ஆண்டுப் பரிசோதனை நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

பென்சன் பெறும் முன்னாள் படைவீரருக்கு அரசாங்க மருத்துவமனையிலும் இராணுவ மருத்துவமனையிலும் மருத்துவ வசதி உண்டு. கோலாலம்பூரில் வங்சா மாஜுவில் துவாங்கு மிசான் இராணுவ மருத்துவமனை இருக்கிறது. இராணுவத்தில் பொதுவாக 21 ஆண்டு சேவை செய்த மற்ற நிலையினருக்கே (அதிகாரி அல்லாதவர்களுக்கே) பென்சன், அதற்கு முன் வெளியே வந்தவர்களின் சலுகை வேறு. படைவீரர் விவகாரத் துறையில் சேவை அட்டையைக் காட்டிக் கேளுங்கள். மனைவிக்கு என்னென்ன உண்டு என்பதையும் அதே கையோடு கேட்டு எழுதி வாங்குங்கள். அரசாங்க கிளினிக்கில் சாதாரணப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி, 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அதுவும் இல்லை. அப்படியிருக்கப் பணத்துக்காகக் கண் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

காது மந்தமானவர்கள், துப்பாக்கிச் சத்தத்தில் கழிந்த காதுகளுக்கு இது சகஜம், எண் கூப்பிடுவது கேட்காமல் முறையைத் தவறவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கவுண்டரில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், திரை தெரியும் இடத்தில் உட்காருங்கள். மருந்தளவை வாயால் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் போர் வீரர்களுக்கு வந்த நீரிழிவுக்கு ஏஜண்ட் ஆரஞ்சு காரணம் என்று அரசே ஒப்புக்கொண்டதாமே? எங்களுக்கும் அப்படி ஏதாவது உண்டா?
– வாசகர், ஜிஞ்சாங்

பதில்: வியட்நாம் போரில் ஏஜண்ட் ஆரஞ்சு போன்ற களைக்கொல்லிகளுக்கு ஆளான வீரருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வந்தால், அதைச் சேவையோடு தொடர்புடையதாகவே கருதலாம் என்று அமெரிக்கப் படைவீரர் விவகாரத் துறை 2001-இல் விதி செய்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தத் துறையின் மருத்துவச் சேவையைப் பயன்படுத்துகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அது அவர்கள் நாட்டு விதி, மலேசியப் படைவீரர்களுக்குப் பொருந்தாது. உங்கள் நோய்க்குச் சேவையே காரணம் என்று கோர எண்ணினால் சேவை ஆவணங்களோடு படைவீரர் விவகாரத் துறையை அணுகுங்கள். அதற்காகக் காத்திருக்கும் மாதங்களில் பதிவேட்டின் காலியான கட்டங்களைக் காத்திருக்க விடாதீர்கள்.

கேள்வி: காலையில் நண்பர்களோடு கடையில் உட்காருவதை நிறுத்த முடியாது. ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய்.
– வாசகர், கெப்போங்

பதில்: உட்காருவதை நிறுத்தாதீர்கள். தே தாரிக்கை தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) ஆக்குங்கள். குவளையில் இறங்கும் கெட்டிப் பால் சீனியும் சேர்ந்ததுதான், "குராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்றால் கொஞ்சம் குறையுமே தவிர இல்லாமல் போகாது. ரொட்டி சானாய் வாரத்துக்கு ஒரு நாள், மற்ற நாட்களில் இரண்டு இட்லி சாம்பாரோடு, அல்லது தோசை ஒன்று, சட்னியைக் குறைத்து. வீட்டில் மதியத் தட்டில் காய்கறி பாதி, சோறு கால், மீனோ கோழியோ பருப்போ கால். கிளிக்லசைடு எடுப்பவர் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் அரை மணி நேரத்துக்கு மேல் அரட்டை அடித்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். சாப்பாடு மேசைக்கு வரும் நேரம் தெரிந்தபின் மாத்திரையை எடுங்கள்.